வடக்கே தௌச்சான், தெற்கே ஆறு

விமானத்தின் உடம்பில் பழைய கம்பெனியின் பெயரைச் சுரண்டி எடுத்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது, பல வருஷம் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிய சுவர் போல. சிவராஜ் வாலில் புது எழுத்துகளை ஒட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான். ஜே-5 என்று தொடங்கியது அந்தப் பதிவெண். மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோரத்தில் இருக்கும் கினி-பிசாவ் என்ற நாட்டின் விமானங்களுக்கான அடையாளம் அது. சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு நாடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. இப்போது அதன் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவான்.

யாங்கோன் விமான நிலையத்தின் ஓரத்தில், பாதி விளக்குகள் எரியாத ஒரு கொட்டகையில் அந்த விமானம் நின்றது. இரண்டு விசிறிகள் வைத்த பழைய விமானம். பர்மாவின் மலையூர்களுக்கெல்லாம் பறந்து களைத்த பின் விற்கப்பட்டுவிட்டது. வாங்கியவர்கள் கினி-பிசாவின் தலைநகர் பிசாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னக் கம்பெனி. அவர்களிடம் வேறு விமானம் கிடையாது.

அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் தொமிங்கோஸ். தலைவர் என்று பெயரே தவிர அவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. உடைந்த ஆங்கிலத்தில் சிவராஜின் போனுக்குக் குரல் செய்திகள் அனுப்புவார்.

"இங்கே ஒரு ஓடுபாதை, ஒரு தீயணைப்பு வண்டி. அந்த வண்டிக்கு டயர் சரியில்லை. அதனால் நீ உன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடு நண்பா" என்று சொல்லிச் சிரிப்பார்.

பின்னால் சேவல் கூவும். ஒருமுறை ஓடுபாதை ஓரத்தில் நடந்தபடியே வீடியோ அனுப்பினார். முழங்கால் உயரப் புல், அதற்குப் பின்னால் முந்திரி மரங்கள், அதற்கும் பின்னால் சேற்று நிறத்தில் கடல். கடலுக்குள் நிறையத் தீவுகள் இருப்பதாகச் சொன்னார். பிரசவ வலி வந்தவளைக்கூடப் படகில்தான் கொண்டுவர வேண்டும், நடுவில் அலை எழுந்தால் போச்சு. உன் விமானம் வரட்டும், பெரிய தீவில் இறக்கிக் காட்டுகிறோம் என்றார். 'உன் விமானம்' என்ற சொல்லைக் கேட்க சிவராஜ் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

இந்த வகை விமானத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் அந்த நாட்டில் யாருமில்லை. அதனால் விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இரண்டு பைலட்டுகளோடு மெக்கானிக்காகச் சிவராஜும் போக வேண்டியிருந்தது. ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான் என்று விமானத்தை விற்ற யாங்கோன் கம்பெனி அரசாங்கத்துக்கு உறுதி கொடுத்திருந்தது. திரும்பப்போவதில்லை என்பது யாங்கோனில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: சிவராஜுக்கு, அவன் அம்மா காளியம்மாவுக்கு, அக்கா விஜயகுமாரிக்கு. தலைமை எஞ்சினியர் ஊ ச்சோ தின்னுக்கும் தெரிந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை.

சிவராஜுக்கு இருபத்தொன்பது வயது. முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. தாமுவேயில் அவர்கள் வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் குலுக்கலில் தெருமுனைத் தேநீர்க் கடை வாஜித்தின் பெயர் வந்தது. அவனைக் கூட்டிப்போன பிறகு போன் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடையில் அவன் போடும் ரொட்டிக் கல் இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அடுத்த குலுக்கல் பங்குனிக்குப் பிறகு என்றார்கள்.

வாஜித்தைக் கூட்டிப்போன அந்த வாரமே காளியம்மா மாரியம்மன் கோவிலில் விழுந்து வேண்டிக்கொண்டாள். பிள்ளை தப்பித்துவிட்டால் இந்தப் பங்குனியிலேயே பூக்குழி இறங்குவான் என்று நேர்ந்துவிட்டாள். அடுத்த சில நாட்களில் பிசாவ் வேலை வந்தது. விமானம் புறப்படும் நாள் பூக்குழிக்கு அடுத்த வாரம் என்று குறித்திருந்தார்கள். கணக்கு சரியாக அமைந்துவிட்டதில் காளியம்மா அழுதாள். சிவராஜ் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொண்டான்.

காப்புக் கட்டியவன் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. யாங்கோனில் எல்லை எது என்பதில் பழைய தகராறு உண்டு. பூசாரி மாரிச்சாமி பகலில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், எதையும் அளந்துதான் பேசுவார். அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"வடக்கே தௌச்சான் கல்லறைத் தோட்டம். தெற்கே ஆறு. அக்கரையில டாலா போகக் கூடாது. படகுல கால வச்சாலே தாண்டின மாதிரி."

"ஏர்போர்ட்டு?" என்று சிவராஜ் கேட்டான்.

"அது உள்ளதான். போய் வேலையப் பாரு."

"விமானம் வித்தாச்சு. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பறக்க விட்டுப் பார்ப்பாங்க. மெக்கானிக்கும் ஏறணும். மேலே போயிட்டு இங்கயேதான் இறங்கும்."

மாரிச்சாமி முகமூடிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தார். "ஆத்துக்கு மேல போகுமா?"

"திரும்பறப்ப போகும்."

"அப்ப ஏறாதே" என்றார். "மேலே போற ஆளுக்கு எல்லை கிடையாதுன்னு உனக்கு யாராவது சொல்லுவான். அவனை வந்து பூக்குழி இறங்கச் சொல்லு பாப்போம்."

சோதனைக்குப் பறந்த நாளில் சிவராஜ் வயிற்றுவலி என்று சொல்லிக் கீழேயே நின்றுகொண்டான். அவனுக்குப் பதிலாகக் கூட வேலை செய்யும் கோ நைங் ஏறினான். இறங்கி வந்து சிவராஜின் மணிக்கட்டைத் தட்டினான்.

"வயித்துவலி இங்கயா இருக்கு?"

"விடுப்பா."

"டாலாவுக்கே வரமாட்டேங்கற. ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போவே? அம்மன்கிட்ட விசா வாங்கிட்டியா?"

"அதுக்குள்ள கழட்டிருவேன்."

மஞ்சள் நூலைப் பார்க்கும்போதெல்லாம் சிவராஜுக்கு லாக் வயர் நினைவுக்கு வரும். விமானத்தில் முக்கியமான எந்தத் திருகாணியையும் வெறுமனே முறுக்கி விட்டுவிட மாட்டார்கள். மெல்லிய எஃகுக் கம்பியை அதன் தலையில் கோத்து, இரட்டையாக முறுக்கி, பக்கத்து ஆணியோடு கட்டுவார்கள். எவ்வளவு அதிர்ந்தாலும் ஆணி தளராது. ஆணியைக் கழற்றப்போகும்போது மட்டும்தான் அந்தக் கம்பியை வெட்டலாம். வேலை முடியாமல் கம்பி வெட்டப்பட்டுக் கிடந்தால் அந்த விமானத்தை நகர்த்த மாட்டார்கள். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கோ நைங் ஒரு வாரத்துக்கு விடமாட்டான்.

புதன்கிழமை மத்தியானம் ஊ ச்சோ தின் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்சாரம் இல்லை. மேசை விசிறி நின்றுபோயிருந்தது. அவர் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே கிளம்புது."

"ஐயா, அடுத்த வாரம்னு—"

"அங்கே மந்திரி வர்றாராம். மாலை போட்டு, பாட்டு வச்சு, விமானத்தை வரவேற்கப் போறாங்க. அவருக்கு ஒத்துவர்ற நாளுக்குள்ள போய்ச் சேரணுமாம். வழியில இருக்கற நாடுங்க மேல பறக்கவும் புதுசா அனுமதி வாங்கிட்டாங்க. மாத்த முடியாது." துண்டை மடித்து வைத்தார். "உன்னால முடியலேன்னா சொல்லு. கோ நைங் தயாரா இருக்கான். அவனுக்கும் முப்பத்தஞ்சு ஆகலை."

சிவராஜ் முடியும் என்றான்.

சாயங்காலம் வீட்டில் சண்டை வந்தது. வீடு என்பது மூன்றாம் மாடியில் ஒரு நீள அறை. ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன, அதனால் சண்டையும் உரக்கத்தான் நடந்தது. விஜயகுமாரி பபேடானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். வழியிலேயே பட்டறைக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பாலை ஊத்தி அறுத்துடலாம்னு சொல்றாரு. வீட்டுல இன்னொருத்தர் கட்டிக்கிட்டு இறங்கணுமாம். நான் கட்டிக்கிறேன்."

"நீயா?" என்றாள் காளியம்மா. "ஊதுபத்தி சுட்டாலே தெருவைக் கூட்டுவே."

"அது சின்ன வயசுல."

"போன தீபாவளிக்கு."

சிவராஜ் சிரித்துவிட்டான். காளியம்மா சிரிக்கவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, நூலின் முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எல்லையைத் தாண்டறது ஒரு குத்தம். அதுக்கு நான் அவ கால்ல விழுந்து கேட்டுக்கறேன். பெத்தவ கேட்டா கொடுப்பா. ஆனா வேண்டினதை முடிக்காம, காப்பையும் அறுத்துட்டு, வெறுங்கையோட கடலுக்கு மேல போறான் பாரு. அதுக்கு நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"அம்மா, ஏர்போர்ட்டுல கண்ணுல படும்" என்றாள் விஜயகுமாரி.

"முழுக்கைச் சட்டை போட்டுக்கட்டும்."

"யாராவது—"

"என்ன செய்வாங்க? நூலு கட்டிக்கிட்டா குத்தமா? பர்மாக்காரங்க கட்டறதில்லையா?"

விஜயகுமாரி தம்பியைப் பார்த்தாள். அவன் சொன்னால் அம்மா கேட்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கடலுக்கு மேல் இரவும் பகலுமாகப் பறக்கப்போகும் அந்த வெளுத்த விமானம் நினைவுக்கு வந்தது. அதன் ஒவ்வொரு ஆணியிலும் அவன் கையால் முறுக்கிய கம்பி இருக்கிறது.

"இருக்கட்டும் அக்கா" என்றான். "அங்க போய் இறங்கினதும் எடுத்துக்கறேன்."

 விஜயகுமாரி மறுநாள் கடையிலிருந்து வரும்போது சின்ன அட்டைப் பெட்டியில் அடைத்த பால் ஒன்று வாங்கி வந்து அவன் பைக்குள் வைத்தாள். "அந்த ஊர்ல பசு இருக்கோ என்னமோ. இறங்கினதும் ஊத்தி எடுத்துடு. மந்திரி மாலை போடறப்ப கையில நூலோட நிக்காத."

வெள்ளிக்கிழமை காலையில் தொமிங்கோஸ் ஒரு படம் அனுப்பியிருந்தார். நீலச் சுவர், இரும்புக் கட்டில், புதுக் கொசுவலை. கட்டிலின் மேல் மடித்த துவாலை. கீழே எழுதியிருந்தார்: உன் அறை. ஜன்னலிலிருந்து ஓடுபாதை தெரியும். சிவராஜ் அதை அக்காவுக்கு அனுப்பினான். அவள் துவாலை நல்ல துவாலை என்று பதில் போட்டாள்.

ஊ ச்சோ தின்தான் அவர்களை விமான ஊழியர்களுக்கான வழியில் கூட்டிப்போனார். இரண்டு பைலட்டுகளும் வெளிநாட்டுக்காரர்கள், இப்படிப் பழைய விமானங்களைக் கண்டம்விட்டுக் கண்டம் சேர்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள். அவர்கள் கொட்டாவி விட்டபடி முத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். கவுண்டரில் இருந்த அதிகாரிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் முகம். சிவராஜின் பாஸ்போர்ட்டில் மின் தூ என்ற பர்மியப் பெயர்தான் இருந்தது. பள்ளியில் வைத்த பெயர். அதிகாரி கம்பெனியின் உறுதிக் கடிதத்தைப் படித்தார், திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தார், தலையாட்டினார்.

"கையை வை."

நான்கு விரல்களையும் கண்ணாடிமேல் வைத்தான். கருவி சிவப்பு காட்டியது. மறுபடி வைத்தான். மறுபடி சிவப்பு.

"மெக்கானிக்கா?" என்றார் அதிகாரி பர்மியில். "உங்க ஆளுங்க எல்லாருக்கும் இதே கதைதான். ரேகையெல்லாம் கிரீஸ் தின்னுடுச்சு. அழுத்திப் பிடி."

அழுத்தினான். படிக்கவில்லை. அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கையை நீட்டி, அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தானே அழுத்தினார். கருவி பச்சை காட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. கட்டைவிரலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது அவருக்கு. சட்டைக் கையை லேசாக மேலே தள்ளினார்.

"தாமுவேயா?"

"ஆமா."

"கோவில் தெருவா?"

"ஆமா."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நான் அந்தக் கோவிலுக்குப் பின்னாடிதான் வளர்ந்தேன். நெருப்புத் திருவிழாவுக்குச் சுவர் மேல ஏறி உட்கார்ந்துக்குவோம். மஞ்சத் தண்ணிய எங்க மேலயும் ஊத்துவாங்க. ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை" என்று மறுபடி சொன்னார். இந்த முறை அது கேள்வியாக இல்லை. கம்பெனியின் கடிதத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். படிக்கவில்லை.

"எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருந்தார். உங்க ஆளு. இதைக் கட்டியிருக்கறப்ப அவரோட அம்மா டாலாவுல செத்துப்போயிட்டாங்க. படகு ஏறலை. இந்தக் கரையிலயே நின்னு அழுதாரு. எங்கப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாரு."

சிவராஜ் அவசரமாகச் சொன்னான். "கம்பெனி தேதியை மாத்திட்டாங்க. வேலை."

"பால் ஊத்தி எடுப்பாங்களே. எடுத்துட்டு வந்திருக்கலாமே."

சிவராஜ் சட்டைக் கையை இழுத்து நூலை மூடினான்.

"திரும்பி வரப்போறவன் என்ன செய்வான்? வேற ஆளை அனுப்புங்கன்னு சொல்லிட்டுத் திருவிழாவை முடிப்பான். இல்லேன்னா நூலை எடுத்துட்டு வருவான்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அம்மனுக்குக்கூடப் பயப்படாம நீ எல்லையைத் தாண்டறேன்னா, அதைவிட வேற எதுக்கோ பயப்படறே."

"அண்ணே" என்றான் சிவராஜ் பர்மியில். "விட்டுடுங்க."

"போன மாசம் இந்த நாற்காலியில இருந்தவன் ரெண்டு பேரை விட்டான். கப்பல் ஆளுங்கன்னு சொல்லிட்டு வந்தவங்க. இப்ப அவன் எங்க இருக்கான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது." பாஸ்போர்ட்டை மூடினார். "எனக்கும் ஒரு தம்பி இருக்கான். உன் வயசுதான். என் வேலையாலதான் அவனை விட்டு வச்சிருக்காங்க."

பின்னால் நின்ற ஊ ச்சோ தின் முன்னால் வந்தார். கம்பெனியின் பெயரைச் சொன்னார், யார் யார் பெயரையோ சொன்னார். அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியில் இருந்த எதையோ அழுத்தினார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

"பார்க்காம இருந்திருந்தா முத்திரை போட்டிருப்பேன்" என்றார் அதிகாரி. அவர் சிவராஜைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருந்தது போலிருந்தது.

அவனை உட்காரவைத்த அறைக்கு ஜன்னல் இல்லை. போனையும் பையையும் வாங்கிக்கொண்டார்கள். பை ஸ்கேனர் பக்கத்தில் தரையில் கிடப்பதைக் கதவு மூடும்முன் பார்த்தான். பால் பெட்டியின் மூலை பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. வலது எஞ்சின் முதலில். அது எழுந்து சீராகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிறகு இடது. அதில் சில வாரங்களாக ஒரு கரகரப்பு இருந்தது. அதைச் சரிசெய்யக் கை நுழையாத இடத்தில் கையை நுழைத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். இப்போது கரகரப்பு இல்லை. சுத்தமாக ஓடியது. விமானம் நகர்ந்தது, நின்றது, திரும்பவும் நகர்ந்தது. கோ நைங் அதில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் காகிதம் கிடைக்காது. மெக்கானிக் இல்லாமலே போகிறார்கள். பிசாவில் மந்திரி மாலையோடு நிற்பார். பாட்டு முடிந்ததும் தொமிங்கோஸ் படிக்கட்டின் அடியில் நின்று, இரண்டு பைலட்டுகளுக்குப் பின்னால் இன்னொருவன் இறங்குவான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தீவுகளுக்கு விமானம் ஒருமுறையோ இருமுறையோ போகும். பிறகு ஏதாவது ஒரு விளக்கு எரியும், அல்லது எரியாது. அதன் பொருள் என்னவென்று சொல்ல அங்கே யாருமில்லை. முழங்கால் உயரப் புல்லில் அது நிற்கும்.

சத்தம் உயர்ந்து, மெலிந்து, தெற்குப் பக்கம் போய் மறைந்தது. ஆற்றைத் தாண்டியிருக்கும்.

இந்நேரம் அம்மா கோவிலில் இருப்பாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முட்டிமோதி முன்னால் போய், பாலை ஊற்றி, பிள்ளை எல்லையைத் தாண்டிவிட்டான், பொறுத்துக்கொள் தாயே என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு எப்படியாவது சொல்ல வேண்டும், இன்னும் தாண்டவில்லை என்று. எல்லைக்குள்தான் இருக்கிறேன் என்று. கதவைத் தட்டி, ஒரு போன் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். வெளியே இருந்தவன் தாழ்ப்பாளை இழுத்துச் சரிபார்க்கும் சத்தம்தான் கேட்டது.

வெயில் சாயும் நேரத்தில் அவனை லாரியில் ஏற்றினார்கள். தார்ப்பாய் போட்ட லாரி. உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாம் அவன் வயது. ஒருவன் ஹோட்டல் சீருடையிலேயே இருந்தான், சட்டையில் பெயர்ப் பட்டை பளபளத்தது. அவன் நகர்ந்து சிவராஜுக்கு இடம் விட்டான்.

லாரி விமான நிலையத்துச் சாலையிலிருந்து வெளியே வந்ததும் இடமா வலமா என்று சிவராஜ் கவனித்தான். நகரத்துப் பக்கம் திரும்பினால் தாமுவே. அங்கே எங்காவது ஒரு முகாமில் ஞாயிறுவரை வைத்திருந்தால்கூடப் போதும் என்று ஒரு எண்ணம் ஓடியது. எதற்குப் போதும் என்று அவனுக்கே தெரியவில்லை. லாரி வடக்கே திரும்பியது.

தார்ப்பாயின் பின்பக்கம் திறந்திருந்தது. சாலையோரக் கடைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன: தர்பூசணிக் குவியல்கள், டயர் ஒட்டும் கடை, தேநீர்க் கடையின் குட்டை நாற்காலிகள். ஒரு கடை வாசலில் பெரிய பாத்திரத்தில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. லாரி அங்கே வேகம் குறைந்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். துப்பாக்கியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன?"

"கொஞ்சம் பால்" என்றான் சிவராஜ். "ஒரு கை அளவு போதும். குடிக்க இல்லை."

ஹோட்டல் சீருடைக்காரன் திரும்பி அவனைப் பார்த்தான். துப்பாக்கிக்காரன் சிரிக்கக்கூட இல்லை. "உட்காரு."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. லாரியும் நகர்ந்தது.

பிறகு வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கல்லறைகள். பழைய யுத்தத்தில் செத்தவர்களின் தோட்டம். அந்தத் தூண்களில் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன என்று மாரிச்சாமி சொல்வார். பூக்குழிக் காலத்தில் அவர் கையைக் காட்டி அளந்து வைத்த எல்லை அது.

சிவராஜ் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக மூடிக்கொண்டான். உள்ளங்கைக்கு அடியில் முடிச்சு இருந்தது. அது தளர்ந்திருப்பது போலத் தோன்றவே, கம்பியை முறுக்குவதைப் போல நூலை இரண்டு விரலால் பிடித்து, வலப்பக்கமாக, தோலில் பதியும்வரை முறுக்கினான். கடைசித் தூணும் பின்னால் போன பிறகும் முறுக்கிக்கொண்டேயிருந்தான்.